ஒரே பெயர், இரண்டு கணினிகள்



எங்கள் பள்ளி கிள்ளானுக்கும் பந்திங்குக்கும் இடையே உள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளி விடும் நேரத்தில், இரண்டு குடும்பத்தார் எங்களைத் தேடி வந்தார்கள். முதல் குடும்பத்தில் மகள் போலிடெக்னிக்கில் சேர இடம் கிடைத்திருந்தது. இரண்டாவது குடும்பத்தில் ஐந்தாம் ஆண்டில் ஒரு பையன், இரண்டாம் படிவத்தில் ஒரு பெண். இரு வீட்டாரும் சீட்டுக் கட்டி, உதிரிப் பழம் பொறுக்கிய காசைச் சேர்த்து, மடிக்கணினி வாங்கப் பணம் வைத்திருந்தார்கள். கோலாலம்பூரில் ஒரு கடைக்குப் போய், அங்கே பார்த்த இரண்டு கணினிகளின் விலைச்சீட்டைக் கைப்பேசியில் படம் எடுத்து வந்திருந்தார்கள்.

படத்தைப் பார்த்தோம். இரண்டுமே புதியவை அல்ல. அலுவலகங்களில் சில ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு, கடைக்காரர்கள் வாங்கித் துடைத்துச் செப்பனிட்டு விற்பவை. இரண்டும் லெனோவோ நிறுவனத்தின் திங்க்பேட் வகை. இரண்டுக்கும் 14 அங்குலத் திரை. இரண்டிலும் இன்டெல் ஐ5 செயலி, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி. சேமிப்பகம். கறுப்பு நிறம், தோற்றம், எடை எல்லாம் ஏறக்குறைய ஒன்றே. ஒன்றின் பெயர் டி470. மற்றதின் பெயர் டி480.

வேறுபாடு ஓர் எண்ணில்தான் இருந்தது. டி470இன் சீட்டில் வேகம் 2.5 கிகாஹெர்ட்ஸ் என்றும், டி480இன் சீட்டில் 1.6 கிகாஹெர்ட்ஸ் என்றும் எழுதியிருந்தது. ஆனால் 1.6 உள்ளதற்குத்தான் விலை கூடுதல்!

“எண் கொறச்சலா இருக்கிறதுக்கு ஏன் சார் வெல கூட? நம்மள ஏமாத்துறாங்களா?” என்று அந்தத் தாயார் கேட்டார்.

நியாயமான கேள்வி. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதில் அரிசி, மின்சாரம், பேருந்துச் செலவு எல்லாம் போக மிச்சம் பிடித்த பணம் இது. தவறான பொருளை வாங்கிவிட்டால் மறுபடியும் சேர்க்க எத்தனை மாதமாகும் என்று அவருக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடியபோது, ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு படித்த வீடுகளை நாங்கள் பார்த்தவர்கள். ஆகவே அந்தக் கேள்விக்கு விடை தேடும் பொறுப்பை ஏற்றுக்கொண்டோம். அப்படித் தேடி அறிந்ததையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் நம் தோட்டத்து வழக்கம் ஒன்றை நினைவுபடுத்திக்கொள்வோம். ரப்பர் காலத்தில் பால் வெட்டியவர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு நிறுக்கும் கொட்டகைக்கு வருவார்கள். இரண்டு பேருடைய வாளியிலும் பால் ஒரே அளவாக இருக்கும். ஆனால் அளவை மட்டும் பார்த்துக் கணக்கு எழுதமாட்டார்கள். மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் விட்டு, அதில் காய்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று பார்ப்பார்கள். மழைநீர் கலந்த பாலில் ரப்பர் குறைவு. வாளி நிறைந்திருந்தாலும் பலன் குறைவு.

கணினியின் விலைச்சீட்டில் எழுதியிருக்கும் எண்கள் வாளியின் அளவைப் போன்றவை. நமக்குத் தேவை உள்ளே இருக்கும் ரப்பர். அதாவது, அந்தக் கணினி நம் வீட்டு வேலையை எப்படிச் செய்கிறது என்பது.

இனி அந்த 2.5, 1.6 என்ற எண்களுக்கு வருவோம்.

செயலி என்பது கணினியின் மூளை. அதற்குள் ஒரு தாளம் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு கிகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு நொடியில் 100 கோடித் தாளம். அப்படியானால் 2.5 என்பது 250 கோடி, 1.6 என்பது 160 கோடி. இதை மட்டும் பார்த்தால் முதல் கணினிதான் வேகமானது என்று தோன்றும்.

ஆனால் வேலை செய்யும் ஆட்கள் எத்தனை பேர் என்று அந்தச் சீட்டு சொல்லவில்லை. செயலிக்குள் கோர் என்று சொல்லப்படும் வேலையாட்கள் உண்டு. டி470இல் இருந்த செயலியின் முழுப்பெயர் ஐ5-7200யூ. இது 2016இல் வந்தது. இதில் இரண்டு கோர்கள். டி480இல் இருந்தது ஐ5-8250யூ. இது 2017இல் வந்தது. இதில் நான்கு கோர்கள். ஐ5 என்ற பெயர் ஒன்றாக இருந்தாலும் ஒரே ஆண்டு இடைவெளியில் ஆட்களின் எண்ணிக்கை இரட்டிப்பாகிவிட்டது.

செம்பனைக் குலை வெட்டுவதை எண்ணிப் பாருங்கள். ஒரு நிரையில் இரண்டு பேர் வேகமாக வெட்டுகிறார்கள். இன்னொரு நிரையில் நான்கு பேர் சற்று நிதானமாக வெட்டுகிறார்கள். மாலையில் யார் பக்கம் குலை அதிகம் சேரும்? நான்கு பேர் பக்கம்தான்.

இன்னொரு விவரமும் உண்டு. 1.6 என்பது நான்கு பேரும் ஒரே நேரத்தில் தொடர்ந்து உழைக்கும்போது தளராமல் கொடுக்கக்கூடிய அடிப்படைத் தாளம். இரண்டு செயலிகளும் ஒரே 15 வாட் மின்சக்திக் கணக்கில் அமைந்தவை. அதே அளவு சோற்றை நான்கு பேர் பகிர்ந்து உண்பதால் ஆளுக்குரிய அடிப்படை குறைவாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் சிறிது நேரம் அவசர வேலை வந்தால் இரண்டுமே ஓடத் தெரிந்தவை. ஐ5-7200யூ 3.1 வரை போகும். ஐ5-8250யூ 3.4 வரை போகும். ஆக, சீட்டில் குறைவான எண் போட்டிருந்த கணினிதான் இரண்டு வகையிலும் ஒரு படி மேல். கடைக்காரர் ஏமாற்றவில்லை. சீட்டில் எழுதியிருந்த எண்தான் நம்மைக் குழப்பிவிட்டது.

சரி, காகிதக் கணக்கு முடிந்தது. அன்றாட வேலையில் இந்த வேறுபாடு தெரியுமா? அதையும் பார்த்துவிட எண்ணினோம். எங்கள் ஆசிரியர் அறையிலேயே ஒருவரிடம் டி470உம் மற்றொருவரிடம் டி480உம் இருந்தன. அதே செயலிகள், அதே 8 ஜிபி ரேம், அதே 256 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒரு சனிக்கிழமை காலையில் இரண்டையும் வகுப்பறையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். இரு குடும்பத்தாரையும் அழைத்தோம்.

ஒப்பிடும்போது நீதி தவறக்கூடாது. ஒன்றை மின்சாரத்தில் செருகி, மற்றதை மின்கலத்தில் ஓட்டினால் அது நியாயமான பந்தயம் ஆகாது. மின்கலத்தில் ஓடும்போது கணினி மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். ஆகவே இரண்டையும் மின்சாரத்தில் செருகினோம். திரை வெளிச்சத்தை ஒன்றாக வைத்தோம். ஒரே இணையத் தொடர்பு கொடுத்தோம். பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தவற்றை நிறுத்தினோம். பிள்ளைகளை நேரம் எண்ணச் சொன்னோம்.

முதல் வேலை, கணினியைத் திறப்பது. பொத்தானை அழுத்தியது முதல் தட்டச்சு செய்யத் தயாராகும் வரை எண்ணினார்கள். ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது.

இரண்டாவது வேலை, டெலிமா தளத்துக்குள் போய்க் கூகிள் வகுப்பறையைத் திறந்து, ஒரு பக்கம் தமிழில் கட்டுரை தட்டச்சு செய்வது. இதிலும் வேறுபாடு தெரியவில்லை. போலிடெக்னிக் போகும் அந்தப் பெண்ணை எது எந்தக் கணினி என்று சொல்லாமல் உட்கார வைத்தோம். அவரால் வேறுபாடு சொல்ல முடியவில்லை.

மூன்றாவது வேலை, காணொளிப் பாடம் ஒன்றைப் பார்ப்பது. இரண்டும் தடங்கலின்றி ஓட்டின.

நான்காவது வேலையில்தான் நிலைமை மாறியது. இயங்கலை வகுப்பு ஒன்றில் கேமராவுடன் சேர்ந்துகொண்டு, அதே நேரத்தில் படக்காட்சிக் கோப்பைத் திறந்து திருத்திக்கொண்டு, இணையப் பக்கங்கள் பத்துப் பன்னிரண்டைத் திறந்து வைத்தோம். கல்லூரி மாணவர்கள் இப்படித்தான் வேலை செய்கிறார்கள். காணொளி வகுப்பில் கணினி நம் முகத்தைச் சுருக்கி அனுப்ப வேண்டும், மற்றவர்களின் முகங்களை விரித்துக் காட்ட வேண்டும். அது ஓயாத வேலை. டி470இல் இரண்டு கோர்களும் மூச்சு முட்டின. ஆசிரியர் குரல் இடையிடையே அறுந்தது, எழுத்து தட்டியபின் சற்றுப் பிந்தித் திரையில் வந்தது, விசிறி இரைந்தது. டி480 அதே சுமையைத் தாங்கிக்கொண்டு நடந்தது.

ஐந்தாவதாக, மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு இரண்டிலும் ஒரே காணொளியை ஓட விட்டோம். இங்கே எங்கள் எதிர்பார்ப்பு பொய்த்தது. பழைய டி470தான் அதிக நேரம் நின்றது. காரணம் எளியது. அதன் உரிமையாளர் பின்புற மின்கலத்தை அண்மையில் மாற்றியிருந்தார். இந்த இரண்டு மாதிரிகளிலும் உள்ளே ஒரு மின்கலம், பின்னால் கழற்றி மாட்டக்கூடிய இன்னொரு மின்கலம் என்று இரண்டு உண்டு. மின்கலம் தேயும் பொருள். செயலி புதிதாக இருந்தாலும் மின்கலம் கிழடாக இருந்தால் பயனில்லை.

இதிலிருந்து நாங்கள் கற்றது என்ன? ஒரு நேரத்தில் ஒரு வேலை செய்யும் வீட்டுக்கு இந்த இரண்டு கணினிகளும் ஒன்றே. பல வேலைகளை ஒரே நேரத்தில் செய்பவருக்கு மட்டுமே டி480இன் கூடுதல் விலைக்குப் பலன் உண்டு.

அன்று மூன்றாவதாக ஒரு கணினியையும் ஓட்டிப் பார்த்தோம். அது டி480ஐவிடப் பிந்தி வந்த செயலி கொண்டது. ஆனால் அதில் 4 ஜிபி ரேம்தான். சேமிப்பகமோ எஸ்.எஸ்.டி. அல்ல, பழைய வகை ஹார்ட் டிஸ்க். அது இரண்டிடமும் தோற்றது. திறந்து தயாராவதற்குள் பையன் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டான்.

ஏன் அப்படி? ஹார்ட் டிஸ்க் என்பது உள்ளே சுழலும் தட்டு. மடிக்கணினிகளில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்றுச் சுற்றும். ஒரு சிறு கை அந்தத் தட்டின் மேல் இங்கும் அங்கும் நகர்ந்து தேவையானதைத் தேடி எடுக்க வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும். ரேம் என்பது நாம் வேலை செய்யும் மேசை. சேமிப்பகம் என்பது அலமாரி. மேசை சிறியதாக இருந்தால் ஒரு புத்தகத்தை வைக்க இன்னொன்றை அலமாரிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அலமாரியும் மெதுவாகத் திறந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே நேயர்களே, வரிசையை மனத்தில் வையுங்கள். முதலில் எஸ்.எஸ்.டி. இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது, ரேம் 8 ஜிபிக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். செயலியின் வயது மூன்றாவதுதான். டி470, டி480 இரண்டிலும் ரேம் செருகுவதற்கு இரண்டு இடம் உண்டு. பிற்காலத்தில் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் டி470எஸ், டி480எஸ் என்று பெயருக்குப் பின்னால் ‘எஸ்’ சேர்ந்த மெல்லிய மாதிரிகள் வேறு. அவற்றில் ரேமின் ஒரு பகுதி பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். கழற்றக்கூடிய பின்புற மின்கலமும் கிடையாது. ஓர் எழுத்துத்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

இனி, வேகத்தில் தெரியாத ஒரு பெரிய வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். அது ஆயுள் பற்றியது.

விண்டோஸ் 10 என்ற இயங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிந்தது. விரும்பிப் பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனர்களுக்கு மட்டும் பாதுகாப்புத் திருத்தங்களை 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்தார்கள். பாதுகாப்புத் திருத்தம் என்பது கூரையில் விழும் ஓட்டையை அவ்வப்போது அடைப்பதைப் போன்றது. அடைப்பவர் நின்றுவிட்டால் வீடு உடனே இடியாது. ஆனால் மழை எந்த நேரமும் உள்ளே வரும். அந்தக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பவர்களுக்கு இது சிறிய விஷயமன்று.

அடுத்த இயங்குதளமான விண்டோஸ் 11ஐ இன்டெல் செயலிகளில் பொதுவாக எட்டாம் தலைமுறை முதற்கொண்டே நிறுவனம் ஏற்கிறது. எந்தத் தலைமுறை என்பதைப் பெயரிலேயே படிக்கலாம். ஐ5-7200யூ என்பதில் கோட்டுக்குப் பின்வரும் 7 ஏழாம் தலைமுறை. ஐ5-8250யூ என்பதில் உள்ள 8 எட்டாம் தலைமுறை. 10210யூ என்பதுபோல் 10இல் தொடங்கினால் பத்தாம் தலைமுறை. ஆக, வாசலின் இந்தப் பக்கம் டி480, அந்தப் பக்கம் டி470. ஓர் ஆண்டு வயது வேறுபாடுதான். ஆனால் ஒன்றுக்குக் கதவு திறந்தது, மற்றதற்கு மூடியது. விலை வேறுபாட்டுக்கு இதுவும் ஒரு காரணம்.

“இதிலும் விண்டோஸ் 11 போட்டுக் கொடுத்திருக்கிறோம்” என்று சில கடைகளில் ஏழாம் தலைமுறைக் கணினியைக் காட்டுவார்கள். சுற்றுவழியில் அப்படிப் போட முடியும். ஆனால் ஏற்கப்படாத கணினிக்குத் திருத்தங்கள் தொடர்ந்து வரும் என்று நிறுவனம் உறுதி சொல்லவில்லை. அதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

அப்படியானால் டி470 குப்பைக்குப் போக வேண்டியதா? இல்லை. கூகிள் நிறுவனத்தின் குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸ், லினக்ஸ் மிண்ட் போன்ற இலவச இயங்குதளங்கள் இருக்கின்றன. முதலில் ஒரு யூ.எஸ்.பி. குச்சியில் ஏற்றி, கணினியில் உள்ளதை அழிக்காமல் ஓட்டிப் பார்க்கலாம். ஒத்துப்போனால் நிலையாகப் போட்டுக்கொள்ளலாம். டெலிமா, கூகிள் வகுப்பறை, காணொளிப் பாடம் எல்லாம் இணைய உலாவிக்குள்ளேயே நடப்பவை. அவற்றுக்கு விண்டோஸ் கட்டாயமில்லை. ஆனால் விண்டோஸுக்கென்று எழுதப்பட்ட மென்பொருள்கள் அங்கே நேரடியாக ஓடமாட்டா. போலிடெக்னிக்கில் வரைபடம், கணக்கியல் போன்ற பாடங்களுக்கு அத்தகைய மென்பொருள் கேட்கலாம். ஆகையால், எந்தப் பாடத்துக்கு என்ன மென்பொருள் வேண்டும் என்று சேரும் இடத்தில் கேட்டுவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும்.

கடைக்குப் போகும் வழியையும் சொல்லிவிடுகிறோம். கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறினால் கே.எல். சென்ட்ரலில் இறங்கலாம். அங்கிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் உள்ள மோனோரயில் நிலையத்தில் ஏறி இம்பி நிலையத்தில் இறங்கினால், கணினிக் கடைகள் அடுக்கடுக்காக உள்ள லோ யாட் பிளாசா நடக்கும் தூரத்தில் இருக்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸில் நீங்கள் கடக்கும் சாலைக்குத் துன் சம்பந்தனின் பெயர். தோட்டத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டும் பணத்தைக் கொண்டு தோட்டங்களையே வாங்கலாம் என்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தவர் அவர். சிறுகச் சேர்த்த பணத்துக்கு எவ்வளவு பலம் உண்டு என்பதை நம் பெரியவர்கள் அறிந்திருந்தார்கள். அதை அறிந்து செலவிடுவது நம் கடமை. கோலாலம்பூர் வரை போக வசதி இல்லாதவர்கள் கிள்ளான் கடைகளிலேயே பார்க்கலாம். எங்கே வாங்கினாலும் பார்க்க வேண்டியவை ஒன்றே.

கடையில் கணினியைத் திறக்கச் சொல்லுங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் என்ற சாளரம் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் என்ற பகுதியைத் திறந்தால் செயலியின் முழுப்பெயர், கோர்களின் எண்ணிக்கை, ரேம் அளவு, சேமிப்பகம் எஸ்.எஸ்.டி.யா ஹார்ட் டிஸ்க்கா என்பதெல்லாம் தெரியும். விலைச்சீட்டைப் பார்த்து நம்புவதைவிட இது மேல். கணினியே வாய் திறந்து சொல்லும் சாட்சி அது.

அடுத்து, மின்கல அறிக்கையை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதில் ‘டிசைன் கெபாசிட்டி’ என்று ஓர் எண்ணும் ‘ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி’ என்று ஓர் எண்ணும் இருக்கும். முதலாவது பிறந்தபோது இருந்த பலம். இரண்டாவது இன்று மிஞ்சிய பலம். இரண்டாவது எண் முதலாவதில் பாதிக்கும் கீழே போயிருந்தால், புது மின்கலத்தின் விலையையும் கணக்கில் சேர்த்துத்தான் பேரம் பேச வேண்டும்.

திரையைப் பாருங்கள். இந்த இரண்டு மாதிரிகளுமே 1366க்கு 768 புள்ளி கொண்ட திரையிலும், 1920க்கு 1080 புள்ளி கொண்ட திரையிலும் வந்திருக்கின்றன. இரண்டாவது தெளிவானது. பிள்ளையின் கண்ணுக்கு அது நல்லது. ஒரு காணொளியை ஓட விட்டு அரை மணி நேரம் கடையிலேயே நில்லுங்கள். விசிறியில் தூசி அடைத்திருந்தால் கணினி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தொடக்கத்தில் வேகமாக ஓடியது பிறகு தளர்ந்தால் உள்ளே துப்புரவு வேண்டும் என்று பொருள். எல்லா விசைகளையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். கேமரா, ஒலிபெருக்கி, ஒலிவாங்கி, மின்னூட்டும் துளை எல்லாவற்றையும் சோதியுங்கள்.

கடைசியாக, ரசீது. மாதிரியின் பெயர், செயலியின் முழுப்பெயர், ரேம், சேமிப்பகம், உத்தரவாதக் காலம் ஆகியவற்றை ரசீதில் எழுதி வாங்குங்கள். வாய்ச் சொல் காற்றோடு போய்விடும். சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்றாகி, கடையில் பேசியும் தீராவிட்டால், 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. வழக்குப் பதிவுக்கு 5 ரிங்கிட் கட்டணம். வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் கையில் ரசீது இருக்க வேண்டும்.

இரண்டு குடும்பங்களும் என்ன செய்தன என்று கேட்பீர்கள். போலிடெக்னிக் போகும் பெண்ணுக்கு டி480 வாங்கினார்கள். நான்கு கோர்களும் அவருக்கு வேலைப்படும். படிப்பு முடியும்வரை இயங்குதளக் கவலையும் குறைவு. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டார் டி470 வாங்கினார்கள். எங்கள் ஆசிரியர் ஒருவர் யூ.எஸ்.பி. குச்சியில் ஓட்டிப் பார்த்து, குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸ் போட்டுக் கொடுத்தார். விலையில் மிச்சமான பணத்தில் வீட்டுக்கு இணையத் தொடர்பு எடுத்தார்கள். இணையம் இல்லாத வீட்டில் நான்கு கோர் இருந்து என்ன பயன் என்று அந்தத் தகப்பனாரே சொன்னார். அது எங்களுக்கே பாடமாக இருந்தது.

இரு வீட்டாருமே சரியாகத்தான் வாங்கினார்கள். ஒரே கடை, ஒரே பெயர், ஏறக்குறைய ஒரே பொருள். ஆனால் வேலை வேறு, ஆகவே விடையும் வேறு. “எது நல்ல கணினி?” என்று கேட்டால் கடைக்காரர் ஒரு விடை சொல்வார், பக்கத்து வீட்டார் ஒரு விடை சொல்வார். “என் பிள்ளை இதில் என்ன வேலை செய்யப் போகிறது? அதை இது செய்கிறதா, என் கண்முன்னே காட்டுங்கள்” என்று கேளுங்கள். நிறுக்கும் கொட்டகையில் வாளியின் அளவைக் கண்டு மயங்காத நாம், கணினிக் கடையிலும் மயங்க வேண்டியதில்லை.